சிறு காரின் எஞ்சினும் கல்வராயன் மலையேற்றமும்

கார் என்னுஞ் சொல்லுக்குப் பண்டைத் தமிழர் கொண்ட பொருள் மேகம் என்பதாம். கடலில் முகந்த நீரைச் சுமந்துகொண்டு மலைமுகடு நோக்கி ஏறுதல் அதன் தொழில். கல்வராயன் மலையில் மேகம் என்னும் பெயராலேயே ஓர் அருவி வழங்கிவருகின்றது. இக்காலத்துக் காரோ பெட்ரோலை உண்டு, மக்களையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு அம்மலைமேல் ஏறவேண்டியதாயிருக்கின்றது. மேகத்திற்கு மலையேறுதல் இயற்கை. நகர வீதிகளில் ஓடுவதற்கென்று வகுக்கப்பட்ட சிறு காருக்கு அஃது இயற்கையன்று. ஆதலின், ‘இவ்வண்டியை நம்பி மலையேறலாமோ?’ என்னும் ஐயம் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் சிறு கார் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் எழுதல் இயல்பே. அவ்வையத்தை ஒருசிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் முதல் தனி மாவட்டமாக விளங்குவது. அதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை, பெரும்பாலும் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்து நிற்கின்றது. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்தபின் சமநிலம் முடிந்து ஏற்றம் தொடங்கும். கரியாலூர், வெள்ளிமலை முதலிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சந்தைக்கும், உயர்கல்விக்கும், பெரிய மருத்துவத்திற்கும் சமநிலத்தை நோக்கியே இறங்கவேண்டும். 2022ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றபின், நோயாளரைச் சுமந்து இறங்கும் வண்டிகள் சென்று சேருமிடம் அண்மையதாயிற்று. எனினும் இடைவழியில் வண்டி நின்றுவிடுமாயின், அருகிலிருக்கும் மருத்துவமனையும் தொலைவாய்விடும் அன்றோ? ஆகவே எஞ்சினின் நம்பகம் என்பது ஈண்டு வீண்பெருமை பற்றிய பேச்சன்று.

இனி எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்வோம். நம் நாட்டில் சிறு கார் பெருவழக்காகத் தொடங்கியது 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னரேயாகும். அதன் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உடையது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1998இல், தமிழ்நாட்டிலேயே ஸ்ரீபெரும்புதூரையடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் செய்த சான்ட்ரோ என்னும் சிறு கார் வெளிவந்தது. 2003இல் அது சான்ட்ரோ ஜிங் எனப் புதுவடிவம் பெற்று, 2014ஆம் ஆண்டின் முடிவு வரை செய்யப்பெற்றது. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பெயர் மீண்டும் உயிர்பெற்று, 2022இல் நின்றது. இப்பொழுது புதிதாய் விற்கப்படாவிடினும், ஒருவர் கை மாறி மற்றொருவர் கைக்கு வந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சான்ட்ரோக்கள் பல. தமிழ் நிலத்தில் பிறந்த எஞ்சின் ஆதலின், அதனையே நமக்குப் பாடமாக வைத்துக்கொள்ளுதல் பொருத்தமாம்.

எஞ்சினின் தொழில் யாது? சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் என்னும் உந்துகட்டை ஏறியும் இறங்கியும் இயங்குகின்றது. முதன்முறை இறங்கும்பொழுது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுக்கின்றது. ஏறும்பொழுது அதனை நெருக்குகின்றது. நெருக்கிய கலவையில் ஸ்பார்க் பிளக் பொறி தெறிக்கச் செய்ய, அது வெந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. மீண்டும் ஏறும்பொழுது புகை வெளியேறுகின்றது. இந்நான்கு அசைவுகளுள் வேலை செய்வது ஒன்றே. ஏனைய மூன்றும் அவ்வொன்றிற்காக நடைபெறும் ஏவல்கள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் தண்டு சுழற்சியாக மாற்ற, அச்சுழற்சி கியர்களின் வழியாகச் சக்கரத்தை அடைகின்றது.

இனி ஏட்டில் அச்சிடப்பெற்ற எண்களைப் பார்ப்போம். 1998ஆம் ஆண்டுச் சான்ட்ரோவின் சிலிண்டர் 66 மில்லிமீட்டர் விட்டம் உடையது; அதனுள் பிஸ்டன் நகரும் நீளம் 73 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பை அந்நீளத்தால் பெருக்கின், ஒரு சிலிண்டருக்கு 249.7 கன சென்டிமீட்டர் கிடைக்கும். நான்கு சிலிண்டர்களுக்கு 999. விற்பவர் ‘ஒரு லிட்டர் எஞ்சின்’ என்று கூறுவது இதனையே. 2003இல் விட்டத்தை 67 மில்லிமீட்டராகவும் நீளத்தை 77 மில்லிமீட்டராகவும் கூட்ட, கொள்ளளவு 1,086 ஆயிற்று. ஆற்றலோ முதலில் 55 குதிரைத்திறன். 2018ஆம் ஆண்டு வண்டியில், அதே 1,086 கன சென்டிமீட்டரில், 69 குதிரைத்திறன்.

குதிரைத்திறன் என்பதன் பொருளை இவ்விடத்தில் தெளிந்துகொள்வோம். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைத்திறன். இவ்வளவை ஒன்றைக்கொண்டே கல்வராயன் மலையேற்றத்தைக் கணக்கிட்டுவிடலாம். வண்டியும், அதில் ஏறிய ஐவரும், அவர்தம் மூட்டைகளும் சேர்ந்து 1,250 கிலோ எனக் கொள்வோம். அடிவாரத்திலிருந்து மேலே 600 மீட்டர் உயரம் ஏறவேண்டும் என்க. 1,250ஐ 600ஆல் பெருக்கி 75ஆல் வகுக்க, 10,000 கிடைக்கின்றது. அஃதாவது, ஒரே நொடியில் ஏறுவதாயின் 10,000 குதிரைத்திறன் வேண்டும். அரைமணி நேரத்தில், எனவே 1,800 நொடிகளில், ஏறுவதாயின் ஐந்தரைக் குதிரைத்திறனே போதுமானது!

இம்முடிவு வியப்பைத் தருகின்றதன்றோ? 55 குதிரைத்திறன் என்று அச்சிட்ட எஞ்சினுக்கு மலை கேட்கும் கூலி சராசரியாக அதில் பத்தில் ஒரு பங்கே. ஆனாற் சாலை எங்கணும் ஒரே சரிவாய் இராது. பத்தடி சென்றால் ஓரடி உயரும் செங்குத்தான இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறக்குறைய 14 குதிரைத்திறன் வேண்டும். சக்கரத்தின் உராய்வுக்கும் கியர்களின் தேய்வுக்கும் இன்னுஞ் சில கூட்டிக்கொள்ளலாம். அங்ஙனம் கூட்டினும், எஞ்சினின் முழு ஆற்றலில் பாதியும் செலவாவதில்லை. ‘சிறிய எஞ்சின், மலை ஏறாது’ என்னும் பேச்சு இக்கணக்கின்முன் நில்லாது.

அங்ஙனமாயின், மலைவழியிற் சிறு கார்கள் முனகி நின்றுபோதல் ஏன்? இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஓட்டுபவர் கையில் உள்ளது, மற்றொன்று வெப்பம்.

முன்னதை முதலில் விளக்குவோம். 69 குதிரைத்திறன் என்பது, எஞ்சின் நிமிடத்திற்கு 5,500 சுற்றுச் சுழலும்பொழுது மட்டும் கிடைப்பது. ஏட்டில் அவ்வெண்ணின் அருகிலேயே சுற்றின் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். படிப்பவரோ முன்னதைப் பார்த்துப் பின்னதை விட்டுவிடுவர். அவ்வாறே அவ்வண்டியின் உச்ச முறுக்குவிசையாகிய 99 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 4,500 சுற்றில். முறுக்குவிசையைச் சுற்றோடு பெருக்குவதே ஆற்றல் ஆதலின், எஞ்சின் 1,500 சுற்றில் சுழலும்பொழுது, அவ்வுச்ச விசை முழுவதும் கிடைத்ததாகவே கொண்டாலும், ஆற்றல் 21 குதிரைத்திறனைத் தாண்டாது. மேற்கூறிய செங்குத்துச் சரிவு கேட்பதோ உராய்வையும் சேர்த்து ஏறத்தாழ அவ்வளவே. கையிருப்பு ஒன்றும் இல்லை. எதிரே ஒரு பேருந்து வரின், அல்லது கொண்டையூசி வளைவில் வேகம் தணியின், எஞ்சின் முக்கி, ‘டக்டக்’ எனத் தட்டி, நின்றுபோகும். அதனையே கீழ்க் கியருக்கு மாற்றி 3,000 சுற்றில் சுழலவிட்டால், கைக்கொள்ளக்கூடிய ஆற்றலின் எல்லை இருமடங்காகின்றது.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க எண்ணி, மேல் கியரிலேயே வண்டியை முக்கி முக்கி ஏற்றுவார் பலர். எஞ்சின் உரக்க ஒலித்தால் அது துன்புறுகின்றது என்பது அவர்கள் கருத்து. உண்மை இதற்கு மாறானது. சற்றே உரக்கச் சுழலும் எஞ்சின் எளிதாக உழைக்கின்றது. ஓசையடங்கி முக்கும் எஞ்சினிலோ கலவை உரிய காலத்திற்குமுன் வெடித்துப் பிஸ்டனையும் தாங்கிகளையும் அடிக்கின்றது. பாரவண்டி இழுக்கும் எருது குறுகிய அடிகளாய் வைத்து மேடேறுவதை நோக்குக. கீழ்க் கியரின் இயல்பும் அத்தகையதே.

நிற்க. இரண்டாவது காரணமாகிய வெப்பமே கொடிது. பெட்ரோல் வெந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்திற்குப் பயனாகின்றது. எஞ்சிய பங்கு புகையோடும், எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீரோடும் வெளியேறவேண்டும். அந்நீர் வண்டியின் முகப்பிலுள்ள ரேடியேட்டரில் காற்றுப்பட்டுக் குளிர்கின்றது. சேலம் உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் விரைந்தோடும்பொழுது எதிர்க்காற்றே குளிர்விக்கப் போதுமானது. மலையேறும்பொழுதோ எஞ்சின் மிக உழைக்கின்றது, வண்டி மெல்லச் செல்கின்றது, எதிர்க்காற்று இல்லை. குளிர்விக்கும் பொறுப்பு முழுவதும் சிறிய மின்விசிறி ஒன்றன்மேல் விழுகின்றது. ஏர்கண்டிஷனும் ஓடுமாயின், அதன் வெப்பமும் ரேடியேட்டரின் முன்னேயே வந்து சேர்கின்றது. எனவே செங்குத்தான ஏற்றத்தில் அதனை நிறுத்திவைத்தல் நன்று.

நீர் உயர்ந்த இடத்தில் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 800 மீட்டர் உயரத்தில் 97 பாகை அளவிற் கொதிக்கும். இதனைத் தடுப்பது ரேடியேட்டரின் மூடி. அது நீரை அழுத்தத்திற்குள் அடைத்துவைப்பதனால், கொதிநிலை 120 பாகையை ஒட்டி உயர்கின்றது. சிறு தொகைக்குக் கிடைக்கும் அம்மூடியின் ரப்பர் வெடித்திருப்பின், அழுத்தம் நில்லாது. நீர் கொதித்து வழிந்துவிடும். வழிந்தபின் எஞ்சினின் அலுமினியத் தலைப்பாகம் அளவு கடந்து சூடேறுகின்றது. அதன் கீழுள்ள உடற்பாகமோ வார்ப்பிரும்பு. ஒரே வெப்பத்திற்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் தன்மையது. இவ்விரண்டும் ஒத்து நில்லாமையால் தலைப்பாகம் கோணி, இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் கிழிந்துவிடுகின்றது. அதன்பின் நீர் எண்ணெயிற் கலக்கும், எண்ணெய் பாலாடை போல் வெளுக்கும், எஞ்சின் அழியும். ஒரு மூடியின் குறை எஞ்சின் முழுவதையும் கெடுத்தல் இவ்வாறாம்.

நம் ஊர்ப்பக்கத்தில் ரேடியேட்டரில் கிணற்று நீரையோ குழாய் நீரையோ வார்ப்பாரும் உளர். உப்பு மிகுந்த நீர் நாளடைவில் உள்ளே படிவு கட்டி, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். இரும்பைத் துருவும் பிடிக்கச் செய்யும். கூலண்ட் என்னும் கலவை கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கின்றது. வழியில் வெப்பமுள் மேலேறக் கண்டால், வண்டியை ஓரமாக நிறுத்தி, ஆறும்வரை காத்திருத்தலே அறிவுடைமை. சூடாயிருக்கும்பொழுது மூடியைத் திறத்தல் ஒருபொழுதும் ஆகாது. அடைபட்ட கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும்.

எண்ணெயின் இயல்பையும் ஒருவாறு கூறுவோம். ஓடுகின்ற எஞ்சினில் இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் தாங்கி நிற்கின்றது. இத்தகைய சிறு எஞ்சின் கொள்ளும் எண்ணெய் சுமார் மூன்று லிட்டர். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்பதாம். வளைவுகளிலும் சரிவுகளிலும் எஞ்சிய எண்ணெய் ஒருபக்கமாய் ஒதுங்க, உறிஞ்சுகுழல் காற்றை விழுங்கும். சமநிலத்தில் குற்றந்தோன்றாது ஓடிய வண்டி, மலையில் எண்ணெய் விளக்கு எரியக் காட்டுவது இதனாலேயே. மலையேறுமுன் அளவுகோலை உருவிப் பார்த்தல் ஒரு நிமிட வேலை.

சான்ட்ரோவின் எஞ்சினில் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பகுதியும் உண்டு. கிராங்க் தண்டின் சுழற்சியோடு வால்வுகளின் திறப்பையும் மூடலையும் இசையச் செய்வது, பல் வெட்டிய ரப்பர்ப் பட்டையாகிய டைமிங் பெல்ட். அது தேய்வதை ஓசை காட்டாது. வேகம் குறைந்தும் காட்டாது. ஒருநாள் திடீரென அறும். அறுமாயின், இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில், திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடுகின்றது. ஆகவே கையேடு குறித்த தூரத்திலோ காலத்திலோ, எது முந்தியதோ அதில், பட்டையை மாற்றிவிடவேண்டும். குறைவாக ஓடிய வண்டியாயினும், ரப்பர் காலத்தால் முதிரும் என்பதை மறத்தலாகாது. பின்னர் வந்த 1,197 கன சென்டிமீட்டர் கப்பா எஞ்சினில், இப்பட்டைக்கு ஈடாக இரும்புச் சங்கிலி வைக்கப்பெற்றது.

இனி நம்பகம் என்பதனைக் கணக்கியல் முறையால் நோக்குவோம். ஓர் எஞ்சின் ஓட இன்றியமையாத உறுப்புகள் பத்து எனவும், ஒவ்வொன்றும் ஓராண்டில் கெடாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எனவும் கொள்வோம். பத்தும் ஒருங்கே கெடாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறே. அவற்றுள் ஒன்றைப் பேணாது விட்டு, அதன் வாய்ப்பு ஐம்பதாகக் குறைந்தால், ஏனைய ஒன்பதும் சிறந்திருந்தும் முழு எஞ்சினின் வாய்ப்பு நாற்பத்தாறுக்கு இறங்கிவிடுகின்றது. எளிய அமைப்புடைய சிறு எஞ்சின்கள் நெடுங்காலம் உழைப்பதற்கும், அவ்வெஞ்சின்களே ஒரு சிறு குறையால் நடுவழியில் நிற்பதற்கும் காரணம் இக்கணக்கினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

இறங்கும் வழியைப் பற்றியும் ஒரு சொல். இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியை உருளவிட்டால் பெட்ரோல் மிஞ்சும் என்பது பழைய நம்பிக்கை. மின்முறையால் பெட்ரோலைத் தெளிக்கும் இவ்வெஞ்சின்களில், கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்பொழுது தெளிப்பு தானே நின்றுவிடும். கியரை விடுவித்தாலோ எஞ்சின் அணையாதிருக்கும்பொருட்டுப் பெட்ரோல் செலவாகும். அன்றியும், எஞ்சினின் தடை இல்லாதபோது பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குதல் இன்னுங் கொடிது; பிரேக்கை அழுத்தத் துணைசெய்யும் வெற்றிடவிசை எஞ்சினிலிருந்தே வருவதாதலின், இரண்டொரு மிதிப்புக்குப்பின் பிரேக் கல்லாய் இறுகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் பழைய ஓட்டுநர் வழக்கு இன்றைக்கும் பொருந்துவதே.

பழைய வண்டி வாங்குவோர் கருதவேண்டிய புதிய செய்தியும் ஒன்றுண்டு. 2025ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோல் 20 விழுக்காடு எத்தனால் கலந்ததாயிற்று. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் வெப்பம் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கே ஆதலின், ஓடும் தூரம் சிறிது குறையும். 2014க்கு முற்பட்ட சான்ட்ரோ முதலிய வண்டிகள் அக்கலவைக்கென்று வகுக்கப்பட்டவை அல்ல. அவற்றின் ரப்பர்க் குழல்களும் வாஷர்களும் வெடித்துக் கசிகின்றனவோ என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளல் வேண்டும். பெட்ரோல் நாற்றம் வீசின், காலந் தாழ்த்தலாகாது.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? மலையேறுதற்கு வேண்டிய ஆற்றல் சிறு காரிடத்தில் உண்டு. அவ்வாற்றல் சுற்றோடு சேர்ந்தே கிடைப்பது. வெப்பம் வெளியேறும் வரையிலேயே நிலைப்பது. ஆதலின் கைமாறி வரும் வண்டியைக் காணச் செல்வோர், வண்ணத்தையும் இருக்கையின் உறையையும் நோக்குமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீரின் நிறத்தை நோக்குக. எண்ணெய் மூடியின் அடியில் வெளுத்த பாலாடை உளதோ எனக் காண்க. டைமிங் பெல்ட் எப்பொழுது மாற்றப்பட்டது என்பதற்குச் சீட்டுக் கேட்க. சீட்டு இல்லையெனின், வாங்கிய மறுநாளே மாற்றுதற்குரிய தொகையை விலையிற் கழித்துக்கொள்க. கால்மணி நேரத்தில் முடியும் இச்சோதனைக்கு மெக்கானிக்கும் வேண்டுவதில்லை. பின்னொரு நாள் நள்ளிரவில் வெள்ளிமலையிலிருந்து நோயுற்ற ஒருவரை ஏற்றிக்கொண்டு அவ்வண்டி இறங்கவேண்டி வரலாம். அன்றைக்கு வேண்டிய நம்பகத்தை, வண்டி வாங்கும் பகலிலேயே தேடிக்கொள்ளுதல் நலம்.